பிழையா, தேர்வா? தமிழ்ப் பதிப்பில் நடைக் கையேட்டின் இடம்

கேள்வி

தமிழ் நூலொன்றை மெய்ப்புப் பார்ப்பவர் இரண்டு வகைத் திருத்தங்களைச் செய்கிறார். ‘அவனை கண்டேன்’ என்று வந்ததை ‘அவனைக் கண்டேன்’ என்று மாற்றுவது ஒன்று. ‘வந்து கொண்டிருந்தார்’ என்பதைச் சேர்த்து ‘வந்துகொண்டிருந்தார்’ ஆக்குவது மற்றொன்று. முன்னதற்கு நன்னூலில் விதி உண்டு. பின்னதற்குக் கிடையாது, நன்னூல் எழுந்த 13ஆம் நூற்றாண்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விட்டு எழுதும் வழக்கமே இல்லை. என்றாலும் மெய்ப்புத் தாளில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு மை. எழுத்தாளரும் இரண்டையும் தம்முடைய தவறு என்றே எடுத்துக்கொள்கிறார்.

முதல் வகையைப் பிழை என்றும் இரண்டாம் வகையைத் தேர்வு என்றும் இங்கே அழைக்கலாம். பிழையைத் திருத்த இலக்கணம் போதும். தேர்வுக்கு அது போதாது. பொருந்தக்கூடிய இரண்டு மூன்று வடிவங்களில் ஒன்றை ஒருவர் முடிவுசெய்து, நூல் முழுவதும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். அவ்வாறு செய்த முடிவுகளைத் திரட்டி வைத்திருப்பதே நடைக் கையேடு. எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் அதற்கு எவ்வளவு அதிகாரம் தரலாம் என்பது இக்கட்டுரையின் கேள்வி. தமிழில் கையேடுகள் போதவில்லை என்ற முறையீடு அடிக்கடி கேட்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இருக்கும் கையேடுகளை நாம் இலக்கண நூல்களாக வாசிப்பதுதான் என்பது என் வாதம்.

மூன்று தரப்புகள்

தமிழில் இதுபற்றி நடந்துவந்த உரையாடலில் மூன்று தரப்புகளைக் காணலாம்.

முதல் தரப்பு இலக்கண ஆசிரியர்களுடையது. அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ இந்த மரபின் அடையாள நூல். தலைமுறைகளாக ஆசிரியர்களும் பிழைதிருத்துநர்களும் கையில் வைத்திருந்த நூல் அது. மா. நன்னன் இதே பணியைத் தொலைக்காட்சி வழியாகவும் நூல்கள் வழியாகவும் செய்தார். மொழிக்கு ஒரு சரியான வடிவம் ஏற்கெனவே உள்ளது, எழுதுபவர் அதிலிருந்து வழுவுகிறார், அவரை வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இத்தரப்பின் அடிப்படை.

இரண்டாவது, மொழியியல் சார்ந்த தரப்பு. 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ நிகழ்கால எழுத்து வழக்கை ஆதாரமாகக் கொண்டது. 2008இலும் 2020இலும் விரிவான பதிப்புகளைக் கண்டது. எம். ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ தற்கால எழுத்துத் தமிழையே விளக்க முற்பட்டது. மொழி அறக்கட்டளையின் ‘தமிழ் நடைக் கையேடு’ நிறுத்தக்குறிகள், சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுதல், வல்லினம் மிகுதல் ஆகியவற்றைத் தற்கால உரைநடையை முன்வைத்துப் பேசியது. படித்தவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதே இத்தரப்புக்குச் சான்று.

மூன்றாவது தரப்பு எதையும் எழுதி வைக்கவில்லை. பத்திரிகை அலுவலகங்களிலும் பதிப்பகங்களிலும் வாய்வழியாக வந்த நடைமுறை அது. ‘நம்ம பத்திரிகையில இப்படித்தான்’ என்று மூத்த உதவி ஆசிரியர் புதியவரிடம் சொல்வார். காரணம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மூன்றில் இதைத்தான் நாம் எளிதாகப் புறந்தள்ளுகிறோம். ஆனால் நடைக் கையேடு என்ற வகையின் பிறப்பைப் பார்த்தால் இந்தத் தரப்பே அதற்கு மிக நெருக்கமானது.

அச்சகத்தில் பிறந்த வகை

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற நடைக் கையேடுகளில் முக்கியமான இரண்டு, அச்சுக்கோப்பவர்களுக்காகவும் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்காகவும் எழுந்தவை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பாளராக இருந்த ஹோரஸ் ஹார்ட் 1893இல் தம் அச்சகத்தாரின் உபயோகத்துக்கென்று ஒரு சிறு விதித்தொகுப்பை அச்சிட்டார். அது 1904இல்தான் பொதுமக்கள் விலைக்கு வாங்கும் நூலானது. 1891இல் தொடங்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்திலும் கதை ஏறக்குறைய இதுதான். பேராசிரியர்கள் கையெழுத்தில் கொடுத்த பிரதிகளில் ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை. அங்கிருந்த மெய்ப்புப் பார்ப்பவர்கள் தங்கள் முடிவுகளை ஒரு தாளில் குறித்துவைத்தனர். தாள் சிறு பிரசுரமாகி, 1906இல் புத்தகமானது. சுமார் 200 பக்கங்களில் தொடங்கிய அந்நூல் பின்னாளில் ஆயிரம் பக்கங்களைக் கடந்தது. 2024இல் அதன் 18ஆம் பதிப்பு வந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது நூலின் வெற்றியை அல்ல, அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முறையை. இத்தகைய விதிகளுக்கு அசையாத சட்டத்தின் உறுதி கிடையாது, அவை பொதுவான நிலைமைக்கு உரியவை, நெகிழ்வோடுதான் பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தைச் சிகாகோக் கையேட்டின் முதல் பதிப்பு முன்னுரையிலேயே சொல்லிவிட்டது. விதியை இயற்றியவர்களே அதன் எல்லையையும் எழுதினார்கள். அந்த முடிவுகள் யாருடையவை, எந்த அச்சகத்தில், எந்தத் தேவைக்காக எடுக்கப்பட்டவை என்பது வாசகருக்குத் தெரிந்தே இருந்தது.

ரசனை விதியாக வேடமிட்டுக்கொண்டால் என்னாகும் என்பதற்கும் ஆங்கிலத்திலேயே சான்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் மாணவர்களுக்காக எழுதிய சிறு நூலை, அவரிடம் படித்த எழுத்தாளர் ஈ. பி. ஒயிட் 1959இல் விரிவாக்கி வெளியிட்டார். அமெரிக்காவில் எழுதக் கற்பவர் எல்லோரும் கடந்துவந்த நூல் என்றே அதைச் சொல்லலாம். அதற்கு ஐம்பது வயதான 2009இல் மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் கடுமையான மறுப்பு எழுதினார். செயப்பாட்டுவினையைத் தவிர்க்கச் சொல்லி அந்நூல் காட்டும் நான்கு எடுத்துக்காட்டுகளில் மூன்று செயப்பாட்டுவினையே இல்லை என்பது அவர் சுட்டிய குறைகளில் ஒன்று. விதியைச் சொன்னவர்களுக்கே விதியின் பொருள் பிடிபடவில்லை. அதைப் பின்பற்றியவர்களோ அரை நூற்றாண்டாகக் கேள்வி கேட்கவில்லை.

ஒரு பத்திரிகையின் முடிவு

தமிழில் நடைத்தேர்வின் மிகப் பெரிய வெற்றிக் கதை இலக்கண நூலிலிருந்து வரவில்லை. பெரியார் 1935 ஜனவரியில் ‘குடி அரசு’ இதழில் சீரமைத்த எழுத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு அதுவரை தனித்தனி உருவங்கள் இருந்தன. மற்ற எழுத்துகளுக்குப் போடும் துணைக்காலையும் ஐகாரக் குறியையும் இவற்றுக்கும் போட்டால் அச்சுக்கோப்பதும் கற்பதும் எளிது என்பது வாதம். அன்றைக்கு அது ஒரு பத்திரிகையின் உள்முடிவு மட்டுமே. வேறு அச்சகங்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி, எம். ஜி. ஆர். அரசு அதை ஆணையாக்கியது. இடையில் 43 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பெரியார் முன்வைத்த எல்லாமே ஏற்கப்படவில்லை. ஐ, ஔ ஆகிய எழுத்துகளுக்குப் பதில் அய், அவ் என்று எழுதும் முறையை அரசாணை எடுத்துக்கொள்ளவில்லை. பெரியார் இயக்கத்தின் ‘விடுதலை’ நாளிதழில் இன்றும் ‘அய்’ நிற்கிறது. அங்கே அது கொள்கையின் முத்திரை. வெளியே எழுதினால் பலர் பிழை என்பார்கள். ஒரே இடத்தில் ஒரே காரணத்துக்காக எடுத்த முடிவுகளில் ஒரு பாதி பொதுவிதியாகவும் மறு பாதி ஒரு நிறுவனத்தின் நடையாகவும் நிலைத்துவிட்டன. இன்று பள்ளிப் பிள்ளைக்கு ‘னை’ என்பது இலக்கணம்போலவே தோன்றும். அது ஒரு காலத்தின் தேர்வு என்பது மறந்துபோயிற்று.

இதனோடு 2020இல் நடந்ததை ஒப்பிடலாம். தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. கோயம்புத்தூர் முதலான பெயர்களுக்குத் தரப்பட்ட புதிய எழுத்துக்கூட்டல்களைப் பொதுமக்களும் மொழி அறிந்தவர்களும் ஒருசேர எள்ளினார்கள். சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் பல ஆண்டுகள் ஏதேனும் ஓர் அச்சகத்திலோ அலுவலகத்திலோ புழங்கிப் பார்த்துத் தேறிய முடிவு அதன் பின்னால் இல்லை. அதிகாரம் மட்டும் இருந்தது.

நன்னூல் பேசாத இடம்

தமிழ் உரைநடையில் தேர்வு மிகுதியாகத் தேவைப்படும் இடம் வெற்றிடம்தான், அதாவது சொற்களுக்கு இடையில் விடும் இடைவெளி. ஓலைச்சுவடியில் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியே பெரும்பாலும் இராது. அச்சுக்கு வந்தபோது 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொருவரும் தாமே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆறுமுக நாவலர் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாக ஆண்டார். செய்யுளைச் சந்தி பிரித்து அச்சிடலாமா என்பது வெகுகாலம் சர்ச்சையாகவே இருந்தது. 1950களின் இறுதியில் மர்ரே எஸ். ராஜம் அறிஞர் குழுவின் துணையோடு பழைய நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டபோது, பொதுவாசகர் சங்கப் பாட்டைப் பிறர் துணையின்றி வாசிக்க வழி பிறந்தது. சந்தி பிரிப்பது யாப்பைக் குலைக்கும் என்ற எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. அசை பிரித்துப் பார்க்க விரும்புபவருக்கு அப்பதிப்பு பயன்படாது. வாசிக்க விரும்புபவருக்குப் பயன்படும். யாருக்காகப் பதிப்பிக்கிறோம் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் இந்தச் சர்ச்சையைத் தீர்க்க முடியாது.

உரைநடையில் இந்தச் சிக்கல் நாள்தோறும் வருகிறது. ‘அவன் தான் சொன்னதை மறந்துவிட்டான்’ என்றால் அவன் தன் பேச்சைத் தானே மறந்தான். ‘அவன்தான் சொன்னதை மறந்துவிட்டான்’ என்றால் மறந்தவன் வேறொருவனல்லன், அவனே. ‘பிள்ளையைக் கொண்டுவந்து விடு’ என்பது பள்ளிக்கூட வாசலில் விடச் சொல்வது. ‘கொண்டுவந்துவிடு’ என்பது கட்டாயம் கொண்டுவரச் சொல்வது. ‘அவள் ஓடிப் போனாள்’ என்றால் நடந்து போகவில்லை. ‘ஓடிப்போனாள்’ என்றால் ஊர் வேறு கதை பேசும். பேச்சில் இவை குழம்புவதில்லை. குரல் பிரித்துக் காட்டிவிடும். எழுத்தில் அந்த வேலையைச் செய்ய இடைவெளி மட்டுமே இருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு விதி தானாகவே திரளும்: முதன்மை வினையாக நின்றால் பிரித்தும், துணைவினையாக நின்றால் சேர்த்தும் எழுதலாம். க்ரியா அகராதி கொள், விடு, இரு போன்றவற்றின் துணைவினைப் பொருளை வேறுபடுத்திக் காட்டுவது இங்கே பேருதவி. ஆனால் விதி திரண்டதும் அதன் எல்லையும் தெரியத் தொடங்கும். துணைவினைகளை எல்லாம் சேர்த்தால் ‘எழுதிக்கொண்டிருந்திருக்கக்கூடும்’ போன்ற நீண்ட சொற்கள் உருவாகும். குறுகிய பத்தியில் அச்சாகும் செய்தித்தாளில் அது ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். வரியின் மற்றச் சொற்களுக்கு இடையே ஓட்டைகள் விழும். நாளிதழ்கள் பிரித்தே எழுதிவந்ததற்கு அறியாமைதான் காரணம் என்று இலக்கண ஆசிரியர்கள் கருதினால் அது சரியாகாது. பத்தியின் அகலமும் ஒரு காரணம். சிறுவர் நூலில் மற்றொரு காரணம் வருகிறது: எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு நீண்ட சொல் சுமை.

ஆகவே ‘துணைவினையைச் சேர்த்து எழுதுக’ என்ற ஒற்றை வரி, ஆய்வு நூல் வெளியிடும் பதிப்பகத்துக்கு நல்ல விதி. நாளிதழுக்கு அது சங்கடமான விதி. ஐந்து வயதுப் பிள்ளைக்கான படக்கதைக்கு மோசமான விதி. மூன்று இடத்திலும் மாறாதது ஒன்றுண்டு: பொருள் மாறுபடும் இடங்களில் எந்த நடையாயினும் பிரித்துக் காட்டியாக வேண்டும். என் மதிப்பீட்டில் ஒரு கையேட்டின் தரத்தை அறிய இந்த இடமே உரைகல். பொருளுக்குக் கட்டாயமானது எது, வசதிக்காகச் செய்தது எது என்று பிரித்துச் சொல்லாத கையேடு பயன்படுத்துபவரைத் தவறான இடத்தில் பிடிவாதக்காரர் ஆக்கும்.

ஆண்டு எண்ணுக்குப் பின் வரும் உருபு சின்ன விஷயம்தான். 1992இல், 1992-இல், 1992ல், 1992 இல் என நான்கு வடிவங்களும் அச்சில் உள்ளன. எண்ணை வாய்விட்டுப் படித்தால் ‘இரண்டில்’ என்றே முடியும் என்பதால் ‘1992ல்’ என்பாருக்கும் நியாயமுண்டு. உருபின் முழு வடிவத்தைக் காட்ட வேண்டும் என்பாருக்கும் நியாயமுண்டு. இக்கட்டுரை முதல் வடிவத்தைக் கையாள்கிறது. காரணம், இடையில் சிறுகோடு போட்டால் வரி இறுதியில் அது உடையும் என்பது மட்டுமே.

வல்லினத்தின் வழக்கு

பிழைக்கும் தேர்வுக்கும் இடையிலான கோடு எங்கும் தெளிவாக விழும் என்று சொல்ல முடியாது. வல்லினம் மிகுதலில் அது மங்கிப்போகிறது. இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளுக்குப் பின்னும், அந்த, இந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ‘தந்த பலகை’க்கும் ‘தந்தப் பலகை’க்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். இங்கே ஒற்று பொருளைச் சுமக்கிறது. விட்டால் பிழை.

ஆனால் ‘காந்தி சிலை’யா, ‘காந்திச் சிலை’யா? மக்கள் எழுதுவது முன்னது. டெல்லி பயணம், பாரதி கவிதை, அண்ணா சாலை ஆகியவற்றில் ஒற்று இட்டால் சில காதுகளுக்கு இதமாகவும் சில காதுகளுக்கு விகாரமாகவும் ஒலிக்கிறது. மேற்கோள் குறிக்குள் அடங்கிய பெயருக்குப் பின், காற்புள்ளிக்குப் பின், அடைப்புக்குறிக்குப் பின் ஒற்று மிகுமா? நன்னூலில் விடை தேடுவது வீண். அதற்குக் காற்புள்ளியைத் தெரியாது. உயிருக்குப் பின் வரும் வல்லினம் பற்றிய தன் பொதுவிதியைக்கூட நன்னூல், விலக்காத இடங்களில் பெரும்பாலும் மிகும் என்ற அளவிலேயே சொல்கிறது. நூலாசிரியர் பவணந்தியார் விட்டுவைத்த அந்தப் ‘பெரும்பாலும்’ பிற்காலத் திருத்துநர்களிடம் காணாமல் போனது விந்தை.

இங்கே கடைப்பிடிக்கக்கூடிய முறை, நிறுவனப் பெயர்களை அந்தந்த நிறுவனம் எழுதுவதுபோலவே எழுதுவதும், ஆட்பெயர்களுக்குப் பின் ஒற்று வேண்டுமா என்பதை நூலுக்கு நூல் முடிவுசெய்வதும்தான். தமிழ்ப் பல்கலைக்கழகம் தன் பெயரில் ஒற்று வைத்துக்கொண்டிருக்கிறது. அதை நீக்க நமக்கு உரிமை இல்லை. ‘க்ரியா’ என்ற பெயர் மெய்யெழுத்தில் தொடங்குகிறது. மொழிமுதல் எழுத்துகள் குறித்த தொல்காப்பிய விதிக்கு அது ஒத்துவராது. தற்காலத் தமிழுக்கு மிகவும் நம்பத்தகுந்த அகராதியின் அட்டையிலேயே விதிமீறல் நிற்கிறது என்பதை அதன் பதிப்பாளர்கள் அறியாதவர்களா என்ன? அறிந்தே வைத்த பெயர்.

பரந்தாமனார் மரபும் க்ரியா மரபும் நேரடியாக மோதும் இடம் ‘அல்ல’. மரபிலக்கணப்படி அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. இன்றைய எழுத்தில் எல்லாவற்றுக்கும் ‘அல்ல’தான். பின்னதைப் பிழை என்று திருத்தினால், நன்றாக எழுதும் பெரும்பாலோரைப் பிழைசெய்பவர்களாக அறிவிக்க வேண்டிவரும். திருத்தாமல் விட்டால் கட்டுரையாளர் ஒருவர் மனமறிந்து ‘அல்லன்’ என்று எழுதிய அழகையும் இழக்கலாம். இக்கட்டுரையிலேயே மேலே ஓரிடத்தில் ‘அல்லன்’ வந்திருக்கிறது, ‘அல்ல’வும் வந்திருக்கிறது. ஒருமையும் பன்மையும் பற்றிய மயக்கம் எழாத இடத்தில் ஆசிரியர் எழுதியதை விட்டுவிடுவதே நல்ல பதிப்பாசிரியரின் வழி என்று நினைக்கிறேன். ஒரு, ஓர் என்பதும் இதே இனம். உயிருக்கு முன் ‘ஓர்’ என்பது ஆய்வுரையில் நன்றாகவே இருக்கும். ஆனால் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று தொடங்கும் பாட்டியிடம் அதைக் கொண்டுபோக முடியாது.

வட்டாரமும் கடலும்

இலக்கியப் பிரதிகளுக்கு என்று ஒரு வழக்கம் பதிப்பகங்களில் வேரூன்றியிருக்கிறது: உரையாடல் வட்டார வழக்கில் இருக்கலாம், ஆசிரியர் கூற்று பொதுத்தமிழில் இருக்க வேண்டும். பல நாவல்களுக்கு இது பொருந்தியும் இருக்கிறது. ஆனால் கி. ராஜநாராயணன் எழுத்தில் இந்த எல்லை கரைந்துபோனது. கரிசல் வழக்குக்கு 1982இல் ஒரு சொல்லகராதியையே உருவாக்கி, தம் சொற்களுக்குத் தாமே ஆதார நூலைத் தந்தவர் அவர். 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ முழுக்க முழுக்கப் பேச்சு மொழியில் கதை சொன்னது. மேற்சொன்ன வழக்கத்தை அந்தப் பிரதிமீது ஏவியிருந்தால் நூலே எஞ்சியிருக்காது. அதற்காக அத்தகைய பிரதிக்கு நடைத்தேர்வு வேண்டாம் என்றாகாது. ‘இருக்கு’, ‘இருக்குது’, ‘இருக்கி’ ஆகியவற்றில் எது அந்த ஊரின் ஒலி, எது தட்டச்சில் வந்த தடுமாற்றம் என்று எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இத்தகைய முடிவுகளைக் குறித்துவைக்கும் தாள் வட்டார வழக்குப் பிரதிக்குத்தான் இன்னும் நீளமாகத் தேவைப்படும்.

ஈழத்து எழுத்து வழக்கு வேறொரு சோதனை. ஆங்கிலப் பெயர்களில் வரும் வல்லொலியைத் தமிழகம் ‘ட’வால் எழுதும் இடங்களில் ஈழத்தவர் ‘ர’, ‘ற’ எழுத்துகளை ஆள்வது நெடுங்கால வழக்கம். நாம் ‘டொரண்டோ’ என்கிறோம். அவர்கள் ‘ரொறன்ரோ’ என்கிறார்கள். சென்னையில் அச்சாகும் ஈழத்து நாவலில் இதை ‘டொரண்டோ’ என்று மாற்றுவது பிழை திருத்தமா? ஒருபோதும் இல்லை. ஒரு பெரிய சமூகம் தன் செய்தித்தாள்களிலும் பாடநூல்களிலும் பழகிய நடையை மற்றொரு நடையால் அழிப்பது அது. தமிழுக்கெல்லாம் பொதுவான ஒரே நடைக் கையேடு வேண்டும் என்று அவ்வப்போது எழும் கோரிக்கை என்னைத் தயங்கவைப்பது இதனால்தான். அப்படி ஒன்று வந்தால் அது சென்னைக் கையேடாகவே இருக்கும்.

காற்புள்ளியின் விலை

எதிர்வாதம் ஒன்றைப் பார்க்க வேண்டும். முடிவுகள் நெகிழ்வாக இருந்தால் சட்டம், மருத்துவம், அரசாணை போன்ற இடங்களில் குழப்பம் வராதா? அங்கேயாவது கையேடு சட்டமாக நிற்க வேண்டாமா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு இதற்கு நேர்ச்சான்று. மிகைநேர ஊதியம் தர வேண்டாத வேலைகளைப் பட்டியலிட்ட சட்டப் பிரிவில் கடைசி இரண்டு வேலைகளுக்கு இடையே காற்புள்ளி இல்லை. அதனால், விநியோகத்துக்காகப் பொதிகட்டுவது மட்டும் விலக்கா, விநியோகமும் தனியே ஒரு விலக்கா என்பது தெளிவாகவில்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் விநியோகித்தார்கள், பொதிகட்டவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அம்மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடு கடைசி உறுப்புக்கு முன் காற்புள்ளி வேண்டாம் என்றது. நிறுவனம் அதையே சுட்டிக்காட்டியது. ஆனால் பட்டியலின் உறுப்பு அடைமொழி பெற்று நீளும்போது கவனம் தேவை என்று அதே கையேடு எச்சரித்திருந்ததையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. கையேட்டில் விதியும் இருந்தது, விதி தோற்கும் இடமும் இருந்தது. வரைந்தவர்கள் முதலாவதை மட்டும் படித்திருந்தார்கள்.

இந்த விதியைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை. நம்மிடம் எண்ணும்மை இருக்கிறது. ‘பொதிகட்டுதலும் விநியோகித்தலும்’ என்றால் மயக்கம் எழாது. ‘சேரர், சோழர், பாண்டியர் ஆகியோர்’ என்று பெயர்களை அடுக்கும்போதுதான் காற்புள்ளிக்கு வேலை. உம்மை கொடுத்து எழுதிவிட்டு ஒவ்வொன்றின் பின்னும் காற்புள்ளியும் இடுவது, ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் படித்ததன் விளைவு.

நூலுக்கு ஒரு தாள்

நடைமுறையில் இதெல்லாம் என்னவாகிறது? பொதுக் கையேடு ஒன்றை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலுக்கும் தனியே ஒரு தாளைத் திறப்பதே பதிப்பாசிரியர் செய்யக்கூடியது. கையேட்டை எங்கெல்லாம் மீறுகிறோம், ஏன் மீறுகிறோம் என்பதை அதில் குறிக்க வேண்டும். கிரந்த எழுத்து எதுவரை, ஆட்பெயரின் தலைப்பெழுத்து தமிழிலா ஆங்கில ஒலியிலா, ‘ஃப’ வேண்டுமா, துணைவினை சேருமா என்பவை முதல் நாளே அதில் ஏறிவிடும். மற்றவை வேலை நடக்க நடக்க வரும். தாள் எழுத்தாளரிடமும் போக வேண்டும். மெய்ப்பில் திருத்தத்தைப் பார்க்கும் அவருக்கு எது இலக்கணம், எது இப்பதிப்பகத்தின் வழக்கம் என்று அப்போதுதான் தெரியும். தம் எழுத்தைத் தாமே செப்பனிடும் எழுத்தாளருக்கும் இது பொருந்தும். மறுபதிப்பு வரும்போது, முதல் பதிப்பில் வேலை செய்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். தாள் இருந்தால் அடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவுசெய்ய வேண்டியதில்லை.

இந்த வேலையில் இப்போது மென்பொருள்களும் சேர்ந்துவிட்டன. ‘நாவி’ சந்தியைப் பார்க்கிறது, ‘வாணி’ எழுத்துப்பிழையைப் பார்க்கிறது. உருபுக்குப் பின் விடுபட்ட ஒற்றைக் கருவி நொடியில் பிடித்துவிடும். மனிதக் கண் சோர்ந்து தவறவிடும் வேலை அது. பிழையின் களத்தில் கருவிகளை மறுக்கக் காரணமே இல்லை. தேர்வின் களத்தில்தான் சிக்கல். ‘அவள் ஓடிப் போனாள்’ என்பதில் எழுத்தாளர் இடைவெளி விட்டது எண்ணியா, கைதவறியா என்று கருவிக்குத் தெரியாது. முன்பு அச்சுக்கோத்ததைக் கைப்பிரதியோடு ஒப்பிட, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றொருவர் மெய்ப்பைப் பார்ப்பார். எழுத்தாளரே கோப்பாக அனுப்பத் தொடங்கியதும் ஒப்பிடுவதற்கு வேறு பிரதி இல்லை என்று அந்த வேலை கைவிடப்பட்டது. இனி வேறு பிரதி இருக்கிறது: கருவிக்குள் போகும் முன் இருந்த கோப்பு. எந்தக் கருவி, எந்தத் தேதியில், எவற்றை மாற்ற அனுமதிக்கப்பட்டது என்ற குறிப்பும் நடைத்தாளில் ஏற வேண்டிய காலம் இது. மாற்றத்துக்கு முந்தைய கோப்பை அச்சான பிறகும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டியிருக்கும்.